வாசப்படி தாண்டாத உப்பு

ஒரு ஊர்ல ஒரு தனபாக்கியம் இருந்தா. ஊரு எதுன்னா கொளத்தூரு. அங்க வீட்டுக்கு வீடு மீனு வளப்பாங்க. மனுஷனுக்குத் தண்ணி வருதோ இல்லையோ, மீனுக்கு எப்படியோ வந்துடும். "ம்" சொல்லுடி. ம் சொல்லாதவளுக்கு நான் கதை சொல்றதில்ல.

ஆங். இந்தத் தனபாக்கியம் மொட்டை மாடியில தொட்டி வச்சு ஃபைட்டர் மீன் வளத்தா. ஆம்பள மீன் இருக்கே, அது வாயால புளுக் புளுக்னு நுரை ஊதித் தண்ணிமேல கூடு கட்டும். முட்டை அதுலதான் பொரியும். குஞ்சு ஒவ்வொண்ணும் சீரகத்துல பாதி இருக்கும். ரெண்டு தடவை பொரிஞ்சுது, ரெண்டு தடவையும் அத்தனையும் செத்துப்போச்சு. மொத தடவை அவிச்ச மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தினா, தண்ணி குப்புனு நாறிப்போச்சு. அடுத்த தடவை தூள் தீனி தூவினா. அசையாத எதையும் அந்தக் குஞ்சுங்க சீந்தாது. பசியிலயே போயிடுச்சுங்க. ஆனா தனபாக்கியம் அப்படி நினைக்கல. எல்லாம் பக்கத்து வீட்டு சம்பூரணத்தோட கண்ணுன்னு முடிவு பண்ணிட்டா.

சம்பூரணம் தனியா இருக்கிற மனுஷி. ரெண்டு தடவையும் மாடியில துணி காயப்போட வந்தவ, தொட்டியை எட்டிப் பாத்து, "எம்மாம் குஞ்சு"ன்னு சொன்னா. அவ செஞ்ச குத்தம் அவ்வளவுதான். அதோட பேச்சு நின்னுபோச்சு. தனபாக்கியம் புருஷனோட லுங்கியை எடுத்துத் தொட்டிக்கு முன்னாடி திரையா கட்டிட்டா. புருஷன் பேரு ஏகாம்பரம். லுங்கி போனதுல அவருக்குக் கோவம். இந்தத் தடவையும் குஞ்சு செத்துதுன்னா தொட்டியெல்லாம் காயலான் கடைக்குத்தான்னு சொல்லிட்டாரு. இந்த உலகத்துல தனபாக்கியத்தோடதுன்னு இருந்தது அந்தத் தொட்டிங்கதான்.

அப்புறம் மீன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னா. கடைக்காரன் துருப்பிடிச்ச கலர்ல ஒரு பொடியைப் பொட்டலம் கட்டிக் குடுத்தான். இது பொடி இல்லம்மா, முட்டை, ஆர்ட்டீமியான்னு பேரு. ஒரு பாட்டில்ல உப்புத் தண்ணி ஊத்தி, அதுல போட்டு மோட்டார்ல காத்து விட்டா ஒரே நாள்ல பொடிப்பொடியா இறால் குஞ்சு வரும், துடிச்சுக்கிட்டே இருக்கும், மீன் குஞ்சு விடவே விடாதுன்னான். கல்லுப்புதான் போடணும், பாக்கெட் உப்பு ஆகாதுன்னும் சொன்னான். இவ எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்தா. என்ன, ம் காணோம்? ஆங்.

அப்போ மூணாவது தடவையா மீன் முட்டை பொரிஞ்சுது. தனபாக்கியத்துக்குத் தலைகால் புரியல. சம்பூரணத்தோட கண்ணு பட்டுடக் கூடாதேன்னு உப்பு சுத்திப் போட்டா. ஆமாண்டி, மீனுக்குத்தான். ஒரு கை உப்பு பத்துமா? அவளுக்குப் பத்தாது. ஜாடியோட தூக்கி, "ஊரு கண்ணு, உறவு கண்ணு, பக்கத்து வீட்டுக் கண்ணு"ன்னு சுத்தி, அத்தனை உப்பையும் பாத்ரூம்ல கொட்டித் தண்ணியைத் தொறந்து விட்டா. சர்ர்ர்ர்னு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் நிம்மதியா சாமிக்கு விளக்கு ஏத்தினா. ஏத்திட்டு, பொட்டலத்தைப் பிரிச்சு, உப்பு எடுக்க ஜாடியைத் தொறந்தா.

குஞ்சுக்கு வயித்துலயே ஒட்டியிருக்கிற சோத்துப்பை நாளைக்குச் சாயங்காலத்தோட தீந்துடும். இறால் வர ஒரு நாள் ஆகும். இப்பவே போட்டாத்தான் உண்டு.

ஓடினா அண்ணாச்சி கடைக்கு, தபதபன்னு. அண்ணாச்சி உப்பு மூட்டைமேல கோணியைப் போத்தி, அதுமேல உக்காந்திருந்தாரு. விளக்கு வச்சப்புறம் உப்பு விக்க மாட்டேன், மகாலட்சுமி போயிடுவா, வேணும்னா சர்க்கரை வாங்கிட்டுப் போன்னாரு. மீன் குஞ்சு சக்கரையில பொழைக்குமா?

அப்புறம் நாத்தனார் வீட்டுக்கு ஓடினா. நாத்தனார் நல்லா உபசாரம் பண்ணா, காபி குடுத்தா, முறுக்கு குடுத்தா, கறுக் முறுக்னு தின்னச் சொன்னா. உப்பு மட்டும் குடுக்கல. காலையில வா, படி படியா அளந்து தரேன்னு அனுப்பிட்டா.

மிச்சம் இருந்தது சம்பூரணம் வீடு ஒண்ணுதான். தனபாக்கியம் வாசல்ல போய் நின்னா. எந்தக் கண்ணுக்குப் பயந்து உப்பைக் கொட்டினாளோ, அந்தக் கண்ணு முன்னாடியே உப்புக்கு நிக்கிறா. சுத்திப் போட்டதை மட்டும் முழுங்கிட்டு, மத்ததையெல்லாம் சொன்னா.

சம்பூரணம் கேட்டுட்டு, "விளக்கு வச்சாச்சு. உப்பு என் வாசப்படி தாண்டாது"ன்னா.

தனபாக்கியம் திரும்பி நடந்தா. குஞ்சு போச்சு, தொட்டி போச்சுன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"எங்க போற? உப்புதான் வரக்கூடாது. உன் பாட்டில் உள்ள வரலாம்ல?"

அப்படி வா வழிக்குங்கிறியா? அப்புறம் பாட்டில் வந்துது, மோட்டார் வந்துது. சம்பூரணமே கல்லுப்பு அள்ளிப் போட்டா. கூடத்துல பாட்டில் குடுகுடு குடுகுடுன்னு கொதிக்கிற மாதிரி ஓடிச்சு. ரா முழுக்க சம்பூரணம் தூங்கல. அந்த வீட்டுல ரொம்ப வருஷம் கழிச்சு இன்னொரு சத்தம் கேட்டுது, அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தா.

மறுநாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, பாட்டில் பக்கத்துல டார்ச் அடிச்சாங்க. முட்டை ஓடெல்லாம் மேல மிதந்துது. அடியில வெளிச்சத்துக்கு நேரா ஆரஞ்சு கலர்ல மேகம் மாதிரி ஒண்ணு துடிச்சுது. அத்தனையும் இறால் குஞ்சு. ஆனா அதுக்குள்ள விளக்கு வச்சாச்சு. அதுங்க இருந்தது உப்புத் தண்ணியில.

உப்புத் தண்ணி வாசப்படி தாண்டலாமா? சம்பூரணம் யோசிச்சா. அப்போ தனபாக்கியத்துக்குக் கடைக்காரன் சொன்னது நெனப்பு வந்துது. எப்படியும் உப்புத் தண்ணியோட மீனுக்குப் போடக்கூடாதாம், வடிகட்டி நல்ல தண்ணியில அலசித்தான் போடணுமாம். ரெண்டு பேரும் வேட்டித் துணியில வடிகட்டி, சம்பூரணம் வீட்டு முத்தத்துலயே அலசு அலசுன்னு அலசினாங்க. உப்பு மொத்தமும் அந்த வீட்டுலயே நின்னுடுச்சு. இறால் மட்டும் வாசப்படி தாண்டிச்சு. மகாலட்சுமிக்கு ஒரு வருத்தமும் இல்ல.

மாடியில தனபாக்கியம் கரண்டியால கொஞ்சம் விட்டா. மீன் குஞ்சு ஒண்ணு பாத்துது. லபக். இன்னொண்ணு, லபக். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு குஞ்சு வயிறும் ஆரஞ்சு பொட்டு வச்ச மாதிரி உப்பிடுச்சு. தனபாக்கியத்துக்கு அப்பத்தான் உறைச்சுது, முன்னாடி செத்ததெல்லாம் பசியிலதான் செத்துதுங்கன்னு. வெக்கமா இருந்துது.

சம்பூரணம் எங்கன்னு திரும்பினா, அவ மாடிப்படியிலயே, திரைக்கு இந்தாண்ட, தொட்டி பக்கம் பாக்காம முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுட்டிருந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும்டி. பாத்ரூம் தண்ணி அவ வாசல் வழியாத்தானே ஓடுது, சுத்திப் போட்ட கல்லுப்பு அதுல வந்துதே.

தனபாக்கியம் லுங்கியை அவுத்தா. அவ கையைப் புடிச்சு இழுத்துத் தொட்டிகிட்ட நிறுத்தினா. "கண்ணாரப் பாருக்கா"ன்னா.

சம்பூரணம் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தா. "எம்மாம் குஞ்சு"ன்னா.

ஒரு குஞ்சும் சாகல. ஏகாம்பரத்துக்கு லுங்கி திரும்ப வந்துது.

கதை போச்சு கடலுக்கு, உப்பு போச்சு ஜாடிக்கு. மீனுக்குத்தான் கண்ணை மூடத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? மூடு, தூங்கு.