நூலக வாசலில் ஒரு கை

நூலகத்தின் முன் அந்தச் சிலை இறங்கியபோது தெருவே நின்று பார்த்தது. இருபதடி உயரக் கருங்கல் பெண். இடக்கையில் விரித்த புத்தகம். வலக்கை, உள்ளே வரச் சொல்வதுபோல் வாசலை நோக்கி நீண்டிருந்தது.

அதைச் செய்தவர் சிற்பி செண்பகவடிவு. அவர் தலையசைக்க, கிரேனின் இரும்புக் கயிறு தளர்ந்தது. பக்கத்தில் நின்ற அருமைநாயகத்துக்குக் கண் கலங்கியது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் அவரிடம் உளி பிடிக்க வந்த சீடர். அந்த வலக்கை முழுவதும் இந்தச் சீடர் செதுக்கியது. மூன்று வருட உழைப்பு.

செண்பகவடிவு சாரத்தில் ஏறினார். சிறிய சுத்தியலால் சிலையின் தோளில் தட்டினார். மணிபோல் ஒலித்தது. முழங்கையிலும் அதே ஒலி. மணிக்கட்டில் தட்டியவர் சற்று நிதானித்து, மறுபடி தட்டினார். ஓட்டைப் பானையின் சத்தம்.

கீழே நின்ற அருமைநாயகத்துக்கும் அது கேட்டது.

"உள்விரிசல்," என்றபடி இறங்கினார் செண்பகவடிவு.

"கண்ணுக்குத் தெரியலையே அம்மா."

"தெரியாது."

"நாளைக்குத் திறப்பு விழா. பசை ஏத்தி அடைச்சிடலாம். நூறு வருஷம்கூடத் தாங்கும்."

"தாங்கலாம்."

"அப்ப அடைச்சிடட்டுமா?"

செண்பகவடிவு கூட்டத்தைப் பார்த்தார். அருமைநாயகத்தின் மனைவியும் மகள் செல்வராணியும் அங்கே நின்றிருந்தார்கள்.

"செல்வராணியைக் கூட்டிட்டு வாங்க. அப்பா செஞ்ச கைக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காரட்டும்."

அருமைநாயகம் போய் மகளின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சிலையின் நிழல் தொடங்கும் இடம் வரை வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

அவர் மேலே பார்த்தார். ஐந்து விரல்கள். ஒவ்வொன்றும் அவள் முன்கை அளவு கருங்கல்.

"ஒண்ணுமில்லம்மா. நீ அம்மாகிட்ட போ."

அவள் போனாள். செண்பகவடிவு பையைத் திறந்து பெரிய உளியை எடுத்து நீட்டினார்.

"நானா அம்மா?"

"உங்க கைதானே."

கிரேன் அந்தக் கல் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அருமைநாயகம் சாரத்தில் ஏறி மணிக்கட்டைச் சுற்றி வெட்டத் தொடங்கினார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கை தனியே வந்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எஞ்சிய மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். மணிபோல் ஒலித்தது.

மறுநாள் திரை விலகியதும் கூட்டத்தில் சலசலப்பு.

"கை எங்கே?" என்றார் சிறப்பு விருந்தினர்.

"வெட்டிட்டோம்," என்றார் செண்பகவடிவு.

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. பேச்சுகள் முடிந்தன. சிலையைப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் அந்த மொட்டை மணிக்கட்டைத்தான் எடுத்தார்கள். "பாதி வேலை," என்று ஒருவர் அருமைநாயகத்தின் காதுபடவே சொல்லிக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் வாசல் காலியானது. நூலகம் பார்க்க வந்திருந்த ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வெயில் தாங்காமல் சிலையின் நிழலில், கை இருந்த இடத்துக்கு நேர் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

செண்பகவடிவு வந்து அருமைநாயகத்தின் அருகில் நின்றார்.

"எல்லாரும் இல்லாத கையைத்தான் பார்க்கிறாங்க அம்மா," என்றார் அவர்.

"நீங்க எதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"அந்தப் பிள்ளைங்களை."

"செல்வராணி இருக்காளா அதுல?"

"இல்லம்மா. அவ பள்ளிக்கூடம் போயிட்டா."

"இதுல யாரையாவது தெரியுமா?"

"ஒருத்தரையும் தெரியாது."

செண்பகவடிவு மொட்டை மணிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா கை நல்லா வந்திருக்கு."