தணிகைவேல் சார் உறைந்துபோன கதை

தக்கலை ஜெஸிந்தா வீட்டிலிருந்தே ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். நர்ஸ், சமையல்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, யார் கேட்டாலும் சரி. தொழில் ஆலோசகர் தணிகைவேலின் ஜூம் கூட்டத்துக்கு அவள் சந்தேகத்தோடுதான் வந்தாள். இலவசம் என்று கூப்பிடுகிற மனுஷன் எதற்கு மூன்று தடவை போன் நம்பர் கேட்கிறார்?

அவள் தன் வேலையைச் சொன்னதும், இருநூறு பேர் முன்னால் அவர் சிரித்தார். "கண்டவங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தா யாரு மேடம் மதிப்பாங்க? ஒரே வகை ஆளை வச்சுக்கிட்டு மத்தவங்களை இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்லன்னா மூணே மாசத்துல கடையை மூடணும். எப்படின்னு என் கோர்ஸ்ல சொல்றேன்."

"சரி சார். அதுக்கு முன்னால எல்லாரையும் அவங்கவங்க தொழிலைச் சாட்ல போடச் சொல்லுங்களேன்," என்றாள் ஜெஸிந்தா பணிவாக.

சார் பெருமையாக எல்லாரையும் போடச் சொன்னார். முறுக்கு வியாபாரம், யோகா, தையல், ஜோசியம், நாய் வளர்ப்பு என்று மளமளவென வந்து விழுந்தன.

"இத்தனை பேருக்கும் நீங்க ஒருத்தரே பாடம் எடுக்கிறீங்களே சார். இதுல யாரை வச்சுக்கிட்டு யாரை அனுப்பப் போறீங்க?"

திறந்த வாய் மூடாமல் சார் அப்படியே அசையாமல் இருந்தார்.

"நெட் கட்டாயிடுச்சு போல, பாவம்," என்றார் முறுக்குக்காரர்.

ஜெஸிந்தா திரையை உற்றுப் பார்த்தாள். சார் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.