காற்று நிற்காத டயர்

"அம்மா, இந்த மடத்துல ஒண்ணு அவன் இருக்கணும், இல்லீன்னா நான் இருக்கணுமுங்க."

ராக்கியப்பன் வந்து நின்றான்.

மரகதம்மாள்தான் மடத்துக்குக் குரு. ராக்கியப்பனைவிட வயதில் இளையவர். கீரை ஆய்வதை அவர் நிறுத்தவில்லை.

"யாரு?"

"நாச்சிமுத்து. முந்தி டிராக்டர் ஓட்டினது அவன். சாவியை வாங்கி நீங்க எங்கிட்டக் குடுத்தீங்க. அன்னையிலிருந்து முன்டயர்ல சாயங்காலம் காத்தடிச்சா, காலையில சப்புனு கெடக்குது. வண்டிக் கொட்டகையில படுக்கறவன் அவன்தான்."

"டயரைப் பாத்தியா?"

"பாத்தேன். முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க."

மேற்கே மலைமேல் மேகம் கறுத்து வந்தது. அறுத்த நெற்கட்டுகள் வயலிலேயே கிடந்தன.

மரகதம்மாள் எழுந்து கொட்டகைக்குப் போனார். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"அடியில போயிப் பாரு."

ஜாக்கிக் கம்பியை ராக்கியப்பன் கையில் கொடுத்தார்.

"நீ தூக்கு."

திரும்பிப் பார்க்காமல் வயலுக்கு நடந்துவிட்டார்.

ராக்கியப்பன் கம்பியை அழுத்தினான். வண்டியின் முன்பக்கம் மெல்ல எழும்பியது. டயரில் காற்றடித்துவிட்டு, ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரோடு நின்ற நாச்சிமுத்து கம்பியைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். பிறகு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

நேற்றைய மழை ஒழுகிக் கொட்டகை மண் ஊறியிருந்தது. ஜாக்கி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

ராக்கியப்பன் அதைப் பார்த்தான்.

ஒரு மூச்சு நேரம், பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு, "டேய், வெளிய வாடா!" என்று கத்தினான். சுவரோரம் கிடந்த மரக்கட்டையை வாரியெடுத்து அச்சுக்கு அடியில் திணித்தான். ஜாக்கி சரிந்தது. வண்டி தடாரென்று கட்டையின்மேல் உட்கார்ந்தது. அவனுடைய கட்டைவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது.

வண்டிக்கடியில் சத்தமே இல்லை.

"நாச்சி... நாச்சிமுத்து!"

"கத்தாத. குமிழி வருது." நிதானமான குரல். "கருவேல முள்ளு. அடியோட ஒடிஞ்சு உள்ளயே நிக்குது."

வெளியே வந்தவன் ரத்தத்தைப் பார்த்தான். துண்டைக் கிழித்து, நசுங்கிய விரலைச் சுற்றிக் கட்டினான். முள்ளைப் பிடுங்கி, டியூப்புக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து முடித்தான்.

முதல் தூறல் கொட்டகைத் தகரத்தில் விழுந்தது.

ராக்கியப்பன் வண்டியில் ஏறாமல் நின்றான்.

"உன்னைய என்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கம்பி எங்கையில இருந்துச்சு. தெரிஞ்சும் ஏண்டா அடியில போன?"

நாச்சிமுத்து முதுகுச் சேற்றைத் தட்டிவிட்டான்.

"டயரோட உள்பக்கம் அங்கிருந்துதான் தெரியும்."