பொந்துக்கு எண் சொன்ன மரங்கொத்தி

ஆற்றங்கரை மருதமரத்தில் மரங்கொத்திக்கு நாற்பது பொந்துகள் இருந்தன. காட்டு மிருகங்கள் தங்கள் பொருள்களை இலையில் பொதிந்து அதனிடம் கொடுத்து வைக்கும். பிறகு யாராவது கேட்டால், வைத்தவர் சொல்லிவிட்டுப் போனதை மரங்கொத்தி அப்படியே ஒப்பிக்கும். ஒன்றும் சொல்லாமல் போனவரின் பொதிக்குப் பொந்தின் எண்ணை மட்டும் சொல்லும். அதில் அதற்குக் கொஞ்சம் பெருமைகூட!

ஒருநாள் தாய் முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மரங்கொத்தி அண்ணா! என் குட்டியைப் பாம்பு தீண்டிவிட்டது! கீரி கொடுத்து வைத்த விஷமுறிப் பச்சிலை எங்கே?"

"கீரி அக்கரைக்குப் போய்விட்டதே! எந்தப் பொதி யாருடையது என்று எனக்கு நினைவில்லை. முதல் பொந்தில் ஒரு பொதி. இரண்டாம் பொந்தில் ஒரு பொதி. மூன்றாம் பொந்தில்..."

"ஐயோ! உள்ளே என்ன இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்!"

"யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லையே! சொல்லாததைச் சொல்வது என் வழக்கமில்லை."

தலை போகிற அவசரத்திலும் வழக்கம் பேசுகிறவர்களை என்ன சொல்வது! பாவம், முயல் அழுதேவிட்டது. மரங்கொத்தி பொதிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ள, முயல் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. கடலை, இறகு, காய்ந்த நாவற்பழம்... முப்பத்தோராவது பொதியில்தான் பச்சிலை கிடைத்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் விஷம் ஏறிய பின்னங்கால் மரத்தது மரத்ததுதான்.

மறுநாள் கீரி திரும்பியதும் மரங்கொத்தி அதன்மேல் பாய்ந்தது.

"தப்பு உன்னுடையது! ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன?"

"அவசரத்தில் மறந்துவிட்டேன், அண்ணா. மறக்கிறவர்கள்தானே இங்கே அதிகம்! வாங்கி வைக்கும்போது நீங்களும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?"

முயல்குட்டி காலை இழுத்துக்கொண்டு புல் மேய்வதைப் பார்த்ததும் மரங்கொத்திக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே ஒவ்வொரு பொதியையும் திறந்து பார்க்கத் தொடங்கியது.

அணில் பதறிப்போய் ஓடி வந்தது. "என் பொதியில் இருநூறு கடலை! அத்தனையையும் ஒவ்வொன்றாக ஒப்பிப்பீர்களா? கேட்கிறவனுக்குப் பொழுது சாய்ந்துவிடுமே!"

"இல்லையப்பா! 'அணில் வைத்தது, கடலை.' அவ்வளவுதான். வேறு மாதிரி சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போ. மறந்துவிட்டாலும் பரவாயில்லை, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்."

யாரும் ஒன்றும் சொல்லாத இடத்தில் நாமாகச் செய்வது எதுவோ, அது தவித்து வருகிறவருக்கு உதவுவதாக இருக்க வேண்டும்.