இரண்டடி பின்னால் நிற்கிறவள்

சத்தியம், சத்தியம், சத்தியம். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய் என்று யாராவது நிரூபித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன். மீசையே இல்லையே என்று பார்க்காதீர்கள். அது போன கதைக்குப் போய்விட்டது.

*

“வாத்தியாரே, என் குரல் எங்கே இருக்கு?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

வெயிலுகந்தான் ஒரு மைக்கின் தலையைக் கழற்றி, ஊதி, தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“தொண்டையிலதான்க்கா. வேற எங்க?”

“விளையாடாதீங்க. நான் அழுதுடுவேன்.”

“அழுங்க. எந்த சுருதியில அழறீங்கன்னு பாப்போம்.”

ஜெசிந்தா அழவில்லை. சிரித்துவிட்டாள். கோபம் அப்படியே இருந்தது.

சாலிகிராமத்தில் பாடகர்களுக்கு ஏதாவது மனக்குறை என்றால் வெயிலுகந்தான் சவுண்ட் சர்வீஸுக்குத்தான் வருவார்கள். அவருக்கு முப்பத்தாறு வயது. ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்று. அதனால் அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை வாத்தியாரே என்பாள்.

அவர் காது அப்படி. வடபழனியில் ஒரு கொசு பாடினால், சாலிகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அது எத்தனை கட்டை சுருதி என்பார். பக்கத்துத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் முனகுவதைக் கேட்டு, இன்னும் பத்து நிமிஷத்தில் கரண்ட் போகும் என்பார். போகும்.

காதில் இவ்வளவு வைத்த கடவுள் தொண்டைக்கு வரும்போது களைத்துப்போய்விட்டார். மகளின் பிறந்தநாளுக்கு ஒருமுறை வெயிலுகந்தான் வாழ்த்துப் பாடினார். ஊதுவதற்கு முன்பே மெழுகுவத்தி தானாக அணைந்துகொண்டது.

அவருக்கு இது தெரியுமா? தெரியாது. யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் மைக் வேண்டுமே.

*

“இன்னைக்கு ஒரு டாக்ஸியில வந்தேன்” என்றாள் ஜெசிந்தா. “என் பாட்டு ஓடுச்சு.”

“உங்க பாட்டா?”

“நான் கோரஸ் பாடின பாட்டு. டிரைவர்கிட்ட, தம்பி, இது நான் பாடினதுன்னு சொன்னேன். பேரு மஸ்தான். நல்ல பையன். சவுண்டைக் கூட்டி வெச்சுக் கேட்டுட்டு, ‘எது அக்கா? அந்த நாயனமா?’ங்கிறான்.”

வெயிலுகந்தான் மைக்கைக் கீழே வைத்தார்.

“நாயனம் இல்ல தம்பி, அதுக்குப் பின்னாடி ஊ-ன்னு ஒண்ணு வருதே, அது நான்னு சொன்னேன். அவன் மறுபடி கேட்டான். ‘அக்கா, அங்க ஊ-ன்னு எதுவுமே வரலையே’ங்கிறான்!”

“நல்லாக் கலந்திருக்கீங்க.”

“பதினெட்டு வருஷமாக் கலக்குறேன் வாத்தியாரே. போன வாரம் குக்கர் விசில் அடிச்சப்ப, நானும் கூடவே முனகிட்டேன் போல. எங்க அம்மா மூணு விசிலை ரெண்டுன்னு எண்ணிட்டாங்க. பருப்பு கூழாயிடுச்சு.”

இதுவும் நடந்ததுதான். அந்தப் பருப்பை நான் சாப்பிட்டேன்.

“இப்ப என்ன பிரச்சினை?”

அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெரிய பாடகர் ஒருவர் ஒரு வருஷம் வெளிநாடெல்லாம் சுற்றிக் கச்சேரி செய்யப்போகிறார். பின்னணிக் குரலுக்கு ஜெசிந்தா வேண்டுமாம். அந்த ஒரு வருஷமும் அவள் சொந்தப் பாட்டு எதையும் எங்கேயும் பாடக் கூடாது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் கையெழுத்து.

“அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை என் கச்சேரி. நானே எழுதி மெட்டுப் போட்ட ஒன்பது பாட்டு. நூலகத்து மாடிக் கூடத்துல நாப்பது நாற்காலி சொல்லியிருக்கேன். அன்னைக்கு என் குரல் என்னுதுன்னு எனக்கே தெரிஞ்சுடணும். தெரியலைன்னா மறுநாள் கையெழுத்துப் போட்டுட்டு, பாட்டு எழுதுற நோட்டைக் கட்டிப் பரண்ல போட்டுடுவேன்.”

“இன்டர்நெட்ல போட்டீங்களே?”

“நூத்திப் பன்னிரண்டு பேர் கேட்டாங்க.”

“பரவாயில்லையே.”

“அதுல நாப்பது தடவை நான்.”

*

வெயிலுகந்தான் எழுந்தார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் இரண்டு துண்டு கிழித்து, கடையின் தரையில் பெருக்கல் குறிபோல ஒட்டினார். மேடையில் பாடகர் நிற்கவேண்டிய இடத்தில் அப்படித்தான் ஒட்டுவார்கள்.

“நில்லுங்க.”

ஜெசிந்தா நின்றாள். குறிக்கு இரண்டடி பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக.

“குறி மேல நில்லுங்கக்கா.”

“மேலதானே நிக்கிறேன்?”

அவர் குனிந்தார். டேப்பை உரித்து அவள் காலடியில் ஒட்டினார். நிமிர்ந்து பார்த்தார். அவள் இரண்டடி பின்னால் போயிருந்தாள்.

மறுபடி உரித்தார். மறுபடி ஒட்டினார். மறுபடி இரண்டடி.

கடை வாசல் வந்தது. படி வந்தது. இறங்கினாள். டேப் தெருவுக்கு வந்தது. கடைசிக் குறி எதிர்ச்சாரியில் இளநீர் வண்டிக்கு முன்னால் விழுந்தது. ஜெசிந்தா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“அக்கா, நீங்க வெட்டப்போறீங்களா, நான் வெட்டவா?” என்றார் இளநீர்க்காரர்.

இருவரும் ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள்.

“கோரஸ்ல உங்க வேலை என்னக்கா?” என்றார் வெயிலுகந்தான், முதல்முறையாகக் கேட்பவர்போல.

“முன்னாடி நிக்கிறவர் மெட்டைப் பாடுவார். நான் அதுக்கு மேல ஒரு படி ஏறி, கூடவே நடப்பேன். அவர் நின்னா நிப்பேன்.”

“அவர் தடம் மாறினா?”

“விட்டுட மாட்டோம். அந்த நிமிஷம் என் வரியை விட்டுட்டு அவர் மெட்டை எடுத்துக் குடுப்பேன். கெட்டியா. அவர் பிடிச்சுக்குற வரைக்கும். பிடிச்சதும் மறுபடி பின்னாடி வந்துடுவேன்.”

“ஜனங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா நான் என்ன கோரஸ்?” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

“ஓ” என்றார் வெயிலுகந்தான். இளநீர் வழுக்கையைச் சுரண்டித் தின்றார்.

“என் கேள்விக்குப் பதில் வாத்தியாரே?”

“ஞாயித்துக்கிழமை நான்தானே மைக் செட்? வர்றேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாற்பது நாற்காலியில் முப்பத்தோரு பேர். அதில் ஒன்பது பேர் கோரஸ் பாடுகிறவர்கள். எல்லோருமாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், யாரும் சொல்லாமலே.

முதல் வரிசையில் டாக்ஸி மஸ்தான். அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

வெயிலுகந்தான் கூடத்தின் பின்னால் தன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் டேப் குறி. அதற்கு நேரே மைக்.

ஜெசிந்தா கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்தாள். குறிக்கு இரண்டடி பின்னால் நின்றாள்.

அவர் பெருமூச்சு விட்டு, அந்த இரண்டடிக்கும் சேர்த்து ஒலியைக் கூட்டிவைத்தார்.

முதல் பாட்டு. அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்தது.

*பூட்டின வீட்டுக்குள்ள யாரு பாடுறா*
*சாவி தேடித் தேடி யாரு ஓடுறா*

கிட்டார் சரியாகத்தான் ஆரம்பித்தது. வாயைத் திறந்தாள்.

மெட்டு வரவில்லை.

மெட்டுக்கு மேலே ஒரு படி ஏறி, கூடவே நடக்கிற அந்த இன்னொரு குரல் வந்தது. அழகாக வந்தது. சுத்தமாக வந்தது. துணை மட்டும் வந்தது, யாருக்குத் துணையோ அந்த ஆள் வரவில்லை. கல்யாணத் தோழி மட்டும் மணவறையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது வரியில் அவளுக்கே உறைத்தது. கீழே இறங்கப் பார்த்தாள். தொண்டை இறங்க மறுத்தது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அங்கே யாராவது நிற்பார்கள். இன்று மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் மஸ்தான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகக் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். கூடம் அதைவிட அமைதியாக இருந்தது.

“ஏன் சார், பாட்டு எப்ப வரும்?”

ஜெசிந்தாவுக்குக் காது சுட்டது. விரல் மட்டும் கிட்டாரை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தது. நாளை திங்கட்கிழமை. காகிதம் பையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

அப்போதுதான் கூடத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

வெயிலுகந்தான் கையில் ஒரு மைக். கண்ணை மூடிக்கொண்டு, உருகிப் பாடினார்.

*பூட்டின வீட்டுக்குள்ள…*

அதை எப்படிச் சொல்வது? கீழே நூலகத்தில் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகம் குதித்தது. ஜன்னலில் இருந்த காகம் எழுந்து போய்விட்டது. போகும்போது திரும்பிப் பார்த்தது.

கடைசி வரிசையில் ஒன்பது கோரஸ்காரர்களும் ஒரே நேரத்தில் முதுகை நிமிர்த்தினார்கள். வழி தவறிய ஒருவனைப் பார்த்தால் அவர்களால் சும்மா இருக்க முடியாது.

ஜெசிந்தாவாலும் முடியவில்லை.

ஒரு மனுஷன் முப்பத்தோரு பேர் முன்னால் மெட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். யோசிக்க நேரமில்லை. தன் வரியைக் கீழே போட்டாள். அவர் மெட்டை எடுத்தாள். கெட்டியாக எடுத்தாள். இதோ, இதுதான் வழி, பிடிச்சுக்கோ.

அவர் பிடிக்கவில்லை. இன்னும் தூரம் போனார்.

அவள் குரலை உயர்த்தினாள். அவர் பள்ளத்தில் இறங்கினார். இறங்கிப் போய்க் கையைக் கொடுத்தாள். அவர் மேட்டில் ஏறினார். ஏறிப் போய் மடக்கினாள். இப்படி ஒரு பாடகரை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. விடுவதாகவும் இல்லை. சரணம் வந்தது. சரணத்தையும் அவளே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கட்டத்தில் அவர்மேல் கோபம் வந்தது, பிறகு பாசம் வந்தது, பிறகு அவர் ஞாபகமே வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது பாட்டின் கடைசி வரியில் இருந்தாள்.

கூடத்தின் பின்னால் வெயிலுகந்தானின் மைக் மேஜைமேல் படுத்திருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள்.

குறி அவள் செருப்புக்கு அடியில் இருந்தது.

*

மீதி எட்டுப் பாட்டையும் அங்கேயே நின்று பாடினாள்.

கூட்டம் கலைந்தபோது மஸ்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அக்கா, அன்னைக்கு வண்டியில ஓடின பாட்டு… நேத்து மறுபடி கேட்டப்பக்கூட ஒண்ணும் தெரியலை. இப்ப மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன், ஊ-ன்னு ஒண்ணு வருதுக்கா. நாயனத்துக்குப் பின்னாடி.”

“வருதா?”

“நல்லா வருது.”

போன் அடித்தது. அந்தப் பெரிய பாடகரின் மேனேஜர்.

“ஜெசிந்தா மேடம், நாளைக்குக் கையெழுத்துதானே?”

“அந்த எடத்துக்கு எங்க கோரஸ் எமல்டாவைக் கூப்பிடுங்க சார். என்னைவிட நல்லாக் கலப்பா. ரெக்கார்டிங்ல கோரஸ் வேணும்னா எப்ப வேணா சொல்லுங்க, ஓடி வர்றேன். ஆனா வருஷத்தை எழுதித் தர முடியாது.”

போனைப் பைக்குள் போட்டாள். கூடத்தின் பின்னால் போனாள்.

வெயிலுகந்தான் முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே.”

“சொல்லுங்கக்கா.”

“உண்மையைச் சொல்லுங்க. எனக்காக வேணும்னேதானே அப்படித் தப்பாப் பாடினீங்க?”

கேபிள் நின்றது. வெயிலுகந்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

“தப்பாவா?” என்றார். “நல்லாத்தானேக்கா பாடினேன்?”

*

அவ்வளவுதான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அன்று அந்த முப்பத்தோரு பேரில் ஒருவன்தான் என்றாலும், அந்த நேரத்தில் சிரிப்பை அடக்க வெளியே ஓடிவிட்டேன்.

இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக அந்த மெழுகுவத்தி விஷயம். வருகிற தை மாதம் என் பேத்தி கல்யாணத்துக்கு வெயிலுகந்தான்தான் மைக் செட். என்மேல் கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை, மைக் செட்டோடு வரமாட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷம் வந்துவிட்டால் பாடிவிடுவார்.