உருளிக்கு எத்தனை அச்சு?

“எட்டு அச்சு வெல்லம் போட்டேன் மகாராஜா, இதுக்கு மேல—”

“திகட்டுது! நேத்து மூணு போட்டே, வெறும் கஞ்சி. எங்கம்மா வச்ச பாயசம்—”

“அவங்க அளவு சொல்லிட்டுப் போகலையே!”

“அப்ப நீயும் மூட்டையைக் கட்டு!”

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சமையற்காரி நங்கையோடு இப்படி மல்லுக்கு நின்றார். ஊரையே அடக்கும் குரல் அவருக்கு. அம்மா பேச்சு வந்தால் மட்டும் கம்மிப் போகும்.

விகடகவி தத்தன் குறுக்கே வந்தான். “அந்த அளவை நான் கண்டுபிடிக்கிறேன், அரசே. தப்பினால் நங்கையோடு நானும் கிளம்புகிறேன்.”

மந்திரி சேந்தனாருக்குத் தத்தனைக் கண்டாலே ஆகாது. ராஜாவின் அம்மா இருந்த நாளில் அரண்மனைச் சமையலுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

“தங்கள் காதுகுத்துக்குத் தாயார் மூன்று உருளி பாயசம் வைத்து, இரண்டு தட்டு அதிரசம் சுட்டார்கள். பத்தொன்பது அச்சு வெல்லம் கொடுத்தேன். தாங்கள் ஏடு தொடங்கிய அன்று அதே மூன்று உருளி, நான்கு தட்டு அதிரசம். இருபத்துமூன்று அச்சு. எதற்கு எவ்வளவு போனதென்று எனக்கே தெரியாது. கவிராயர் சொல்லட்டுமே!”

காது எரிய அழுதபோது அம்மா ஊட்டிய முதல் வாய் ராஜாவின் நாக்கில் வந்து போனது.

தத்தன் காலிப் பாத்திரங்களை வரவழைத்து, இரண்டு விருந்தையும் எதிரெதிரே பரப்பினான்.

“இங்கே ஒரு உருளி, அங்கே ஒரு உருளி. தூக்குங்கப்பா வெளியே!”

“அடேய், நான் கேட்டதே பாயசம். அதையே தூக்குகிறாயே!”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்து குழப்புறது அதுதானே, அரசே!”

ஆறு உருளியும் போயின. பிறகு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தட்டு. கடைசியில் ஏடு தொடங்கிய நாளின் இரண்டு தட்டு மட்டும் பளபளத்தன.

“அன்னைக்குக் கூடுதலாப் போன நாலு அச்சும் இந்த ரெண்டு தட்டுக்குத்தான். தட்டுக்கு ரெண்டு. காதுகுத்து அதிரசத்துக்கு நாலு கழிச்சா, மூணு உருளிக்குப் பதினைஞ்சு. நங்கை, உருளிக்கு அஞ்சு போடம்மா!”

சேந்தனார் விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, கணக்கு சரிதான் என்று தலையாட்டினார்.

பாயசம் வந்தது. முதல் வாயிலேயே ராஜா கண்ணை மூடினார். திறந்ததும் சபை அதிரச் சிரித்தார்.

“இதுதான்! இதேதான்! சேந்தனாரே, வாரும், நீரும் ஒரு கிண்ணம் குடியும்!”

ராஜாவின் முத்துமாலை தத்தன் கழுத்துக்குப் போனது. நங்கை மூட்டையை அவிழ்க்கப் போனாள். “இருடி, ஊத்திட்டுப் போ!” என்று ராஜா மூன்றாவது முறையாகக் கிண்ணத்தை நீட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் ஊற்றினாள்.

நிறைந்த கிண்ணத்தையே ராஜா பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது கிண்ணம், தத்தா. ‘போதும்டா, வயிறு வலிக்கும்’னு அதட்ட இங்கே யாருமில்லையா?”