புகழ்ச்சிக்குள் புகுந்த ஏரி

ஏரிக்கு ஒரு காவலரும் ஊருக்கு ஒரு சபையுமாக நாடு நடந்த காலத்தில், மகிழ்மாறன் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் அவர் நாட்டில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது, கேளுங்கள்.

அரசரிடம் எதைச் சொல்வதானாலும் ஓலையில்தான் சொல்ல வேண்டும். முதலில் அரசரின் புகழ். அடுத்து அவருடைய முன்னோர் புகழ். அதற்கப்புறம்தான் வந்த காரியம். வீடு பற்றி எரிந்தாலும் இதே வரிசைதான்! ஓலை கொண்டுவந்தவர் அரசர் சபையில் வாய் திறந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

பொய்கைமேட்டு ஏரிக்குக் காவலர் அம்பலவர். அந்த ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி நிரம்பித் தளும்பியது. ஊர்ப்பக்கத்துக் கரையில் கசிவு கண்டது.

மதகைத் திறந்தால் கரை தப்பும். ஆனால் அந்தத் தண்ணீர் அரசர் ஆசையாகப் போட்ட பூந்தோட்டத்துக்குள் பாயும். அரசர் ஆணையில்லாமல் திறந்தால் அம்பலவர் தலை போகும். திறக்காவிட்டால் ஊரே போகும்.

அம்பலவர் முறைப்படி ஓலை எழுதிக்கொண்டு ஓடினார். சபையில் ஓலை வாசிப்பவர் ராகம் போட்டுப் படித்தார். தம் புகழைக் கேட்டு அரசர் பூரித்தார். பாட்டனார் புகழில் கண் செருகினார். ஏரி வந்தபோது குறட்டை விட்டார்.

விழித்ததும், "ஓலை பிரமாதம்!" என்று வெற்றிலை பாக்கு கொடுத்தனுப்பினார். அம்பலவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். கசிவு விரல் கனத்துக்கு ஆகியிருந்தது.

இரண்டாவது ஓலையில் எடுத்த எடுப்பிலேயே, "ஏரி உடைகிறது" என்று எழுதினார். வாசிப்பவர் புரட்டிப் பார்த்தார்.

"புகழ் எங்கய்யா? இது ஓலையா, தமுக்கா?" என்று தூக்கி எறிந்தார்.

கசிவு கை கனத்துக்கு ஆகிவிட்டது. அம்பலவர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மனுஷனுக்கு எப்படித்தான் எழுதித் தொலைக்கிறது?"

கரைக்கு மண் சுமந்துகொண்டிருந்த மனைவி பெருந்தேவி கூடையைத் தொப்பென்று போட்டாள். "உங்க ராஜாவுக்குப் புகழ்ச்சிதானே காதுல ஏறுது? அப்புறம் எதுக்கு ஏரியைக் கொண்டுபோய் வால்ல கட்டுறீங்க?"

அம்பலவர் அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது ஓலையை எழுதினார். அதில் புகழ் இருந்தது. சபையில் வாசிப்பவர் திருப்தியாக ராகம் எடுத்தார்.

"பொய்கைமேட்டு ஏரி உடையப்போகிறதென்று கேட்டதும் துடித்தெழுந்த வேந்தே! என் பூந்தோட்டம் மூழ்கினாலும் சரி, இன்றே மதகைத் திற என்று ஆணையிட்ட வள்ளலே!"

"வாழ்க!" என்றது சபை. அரசர் துடித்துத்தான் எழுந்தார்.

"என்னது? ஏரி உடையப்போகுதா? திறங்கய்யா மதகை!"

குதிரைகள் பறந்தன. பூந்தோட்டம் மூழ்கியது. ஊர் பிழைத்தது.

பிறகு அரசர் அம்பலவரைக் கூப்பிட்டுச் சீறினார். "இவ்வளவு பெரிய ஆபத்து! முன்னாடியே எழுதுறதுக்கு என்னய்யா?"

அம்பலவர் வாய் திறக்கப் போனார். ஆனால் சபையில் பேசக்கூடாதே! ஓலையும் எழுத்தாணியும் வாங்கி நின்றபடியே எழுதினார். வாசிப்பவர் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார், படிக்கவில்லை. அரசர் தாமே பிடுங்கிப் பார்த்தார்.

"எழுதினேன். தூங்கிவிட்டீர்கள்."

அரசர் அந்தப் பழைய வழக்கத்தை அப்போதே ஒழித்தார். அன்றுமுதல் அந்த நாட்டு ஓலைகளில் காரியம் முதல் வரிக்கு வந்தது.

ஆகவே, படிப்பவர் எந்த வரியில் விழித்திருப்பாரோ அந்த வரியில்தான் சொல்லவேண்டியதை வைக்க வேண்டும்.